கை வைக்கக் கூடாத சுவிட்ச்

"இந்தச் சுவிட்சுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது தங்கச்சி. வச்சீங்க, நான் காலி!"

படுக்கையறைச் சுவரிலிருந்த மின்பெட்டியைத் திறந்து, 'ஏசி' என்று சீட்டு ஒட்டிய சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு மெக்கானிக் சொன்னார். பதினெட்டு வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு இதே பாட்டுத்தான்.

"ரிமோட்ல அணைச்சா போதாது, பெட்டியில அணைக்கணும். அணைச்ச கையோட திரும்பப் போடவும் கூடாது, மூணு நிமிஷம் விடணும். உள்ள காத்து வந்தாலும் வெளிப்பெட்டி கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுத்தான் கிளம்பும்."

வீட்டுக்காரப் பெண் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போன வேகத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"அண்ணா, மிக்ஸி ஓடலையே! பாப்பாவுக்குச் சாப்பாடு அரைக்கணும்."

"பழைய வீடு தங்கச்சி, எல்லாத்தையும் ஒரே லைன்ல கோத்து வச்சிருப்பாங்க. பத்து நிமிஷம் பொறுங்க. பாப்பா எட்டிப் பார்க்கப் போவுது, ஜன்னலை நல்லா சாத்திடுங்க."

ஜன்னலுக்கு மேலே, கடிகாரத்தை ஒட்டி மாட்டியிருந்த ஏசி ஒரு வாரமாகக் காற்றை விட்டதே தவிரக் குளிர்ச்சியை விடவில்லை. கோளாறு வெளிப்பெட்டியில்தான். பால்கனிச் சுவரைத் தாண்டி, மூன்றாவது மாடி வெயில்தடுப்பில் குந்திக்கொண்டார் மெக்கானிக். இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். அந்த விஷயத்தில் ஆள் கெட்டி.

மூடியைக் கழற்றி ஒயர்களை அவிழ்க்கும்போது ஒரு திருகாணி நழுவி உள்ளே விழுந்தது. காத்தாடிக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். திருகாணி கிடைத்தது, கை வரவில்லை. மணிக்கட்டிலிருந்த காப்பு செம்புக் குழாய்களுக்கு நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது.

"வேலைக்குப் போறப்ப அந்தக் கருமத்தைக் கழட்டி வச்சுட்டுப் போனா என்ன?" என்று மனைவி தினமும் கத்துவாள். கேட்டால்தானே! காப்பை வெட்டக் கட்டிங் பிளேயர் வேண்டும். அதுவும் டெஸ்டரும் கீழே பைக் பெட்டியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்று மாடி இறங்கி ஏற முட்டி சம்மதிக்காததால் முதலிலேயே எடுத்துவராமல் விட்டிருந்தார்.

சரி, வீட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிடலாம் என்று திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் பாப்பா மட்டும் உட்கார்ந்து ரிமோட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதை ஜன்னல் பக்கம் நீட்டி, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கியது.

'அமுக்குடி செல்லம். கரண்டே இல்லை, உனக்கென்ன கவலை' என்று அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டார்.

அப்போது மிக்ஸி ஜாடியும் கையுமாக அவள் உள்ளே வந்தாள். ஜன்னலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். முகம் சட்டென்று மாறியது. ஜாடியைக் கட்டிலில் போட்டுவிட்டு நேராக மின்பெட்டிக்கு ஓடினாள்.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. மணியைப் பார்த்துவிட்டாள்! பிள்ளைக்குச் சோறு நேரமாகிவிட்டது, மிக்ஸிக்கு உயிர் கொடுக்கப் போகிறாள்!

"வேணாம் தங்கச்சி! தொடாதீங்க!"

பக்கத்துக் கட்டடத்தில் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவர் குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை. ஜன்னலோ ஒரு முழம் தள்ளி இருந்தது, தட்டவும் எட்டவில்லை. அதைச் சாத்தச் சொன்ன புண்ணியவானும் அவர்தான்.

கையை வெறி பிடித்ததுபோல் இழுத்தார். தோல் உரிந்ததுதான் மிச்சம். காத்தாடி சுற்றினால் கை போகும், ஒயரில் கரண்ட் வந்தால் ஆளே போவார். மற்றக் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பாப்பா பார்த்துவிட்டது. பொக்கை வாயைத் திறந்து சிரித்து, அவருக்கு டாட்டா காட்டியது.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் வாசலிலேயே நிற்பாளே, யார் போவார்கள்?

உள்ளே வீட்டுக்காரப் பெண் மின்பெட்டியைத் திறந்தாள். விரல் சுவிட்சுக்குப் போனது. மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது சுவர் குடையும் சத்தம் நின்றிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மிக்ஸிக்காக ஒரு உசுரையே எடுக்கப் பார்த்தீங்களேம்மா! சுவிட்சைப் போட்டும் கரண்ட் வரலைன்னா, அது என் பொண்டாட்டி கும்பிட்ட சாமி!"

"நான் எதையும் போடலண்ணா..." அவள் ஜன்னலுக்கு மேலே காட்டினாள். "பாப்பா ரிமோட்டை அமுக்கினதும் அது காத்து விட ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீட்டுக்காரர் சீட்டை மாத்தி ஒட்டியிருக்கார், நீங்க அணைச்சது மிக்ஸி சுவிட்சு."

மெக்கானிக் தன் முழங்கையை உரசிக்கொண்டிருந்த ஒயர் முனைகளைப் பார்த்தார்.

"ஏசி சுவிட்சை இப்பத்தான் நான் அணைச்சேன்!"