ஏழு விரற்கடை

மார்ச் 11. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மருத்துவ மாணவியாக வார்டில் நோயாளி எஸ்தர் அக்காவின் விலா எலும்புக்குக் கீழே விரல்களை அடுக்கி அளந்து, மண்ணீரல் ஏழு விரற்கடை வீங்கியிருப்பதாக எழுதினேன். போன மாதம் டாக்டரே அளந்தபோது ஐந்து. மண்ணீரலை வீங்க வைக்கும், லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் அவருக்கு. ஆறு மாதமாக ஊசி போடுகிறார்கள்.

டாக்டர் என் குறிப்பைப் படித்தார். "வீக்கம் மருந்துக்குக் கேட்கவில்லை. மண்ணீரலை எடுத்துவிட வேண்டியதுதான். நாளை பத்து மணிக்கு முடிவு செய்வோம்."

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "உன் விரல் வெண்டைக்காய், பாப்பா. அவர் விரல் வாழைக்காய். ரெண்டு பேரும் என் ஒரே வயித்தைத்தான் அளக்குறீங்க."

சிரித்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய்விட்டேன். அங்கே பாடத்தின் நடுவில் ஸ்கேலை எடுத்தேன். எனக்கு என் மீது நம்பிக்கை குறைவு என்பதால் என் விரல்களை மூன்று முறை அளந்தேன். என் ஏழு விரல் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. டாக்டரின் ஐந்து எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வீக்கம் ஏறியிருக்கலாம், இறங்கியும் இருக்கலாம்.

நாளை: ஒன்பதரைக்கு முன் டாக்டரின் அறைக்குப் போக வேண்டும். கையை நீட்டச் சொல்லி, அவர் விரல்களை அளக்க வேண்டும்.