பழைய கார் டோல்கேட்டைத் தாண்டியது

வாடகைக் கார் ஓட்டுநர் தன் பழைய காரை இரும்புக்குப் போட்டு ஒரு மாதமாகிறது. அது தகடாக நசுங்கியதைக் கண்ணால் பார்த்துக் கலங்கியவர் அவர். முன்கண்ணாடியிலிருந்த டோல் ஸ்டிக்கரையும் அவரே உரித்துக் கிழித்துப் போட்டிருந்தார்.

ஞாயிறு காலை போனில் செய்தி வந்தது: 'உங்கள் வாகனம் வடக்குச் சுங்கச்சாவடியைக் கடந்தது.' அந்தப் பழைய காரின் எண்.

உதவி மையத்தை அழைத்தார்.

"கேமரா படம் இருக்கு சார். மஞ்சள் கார்தானே? நல்லா பளபளன்னு வெச்சிருக்கீங்க!" என்றாள் அங்கிருந்த பெண்.

போனை வைப்பதற்குள் அடுத்த செய்தி. இம்முறை ஊர் எல்லைச் சாவடி.

"அட, வீட்டுக்குத்தாங்க வருது!" என்று சிரித்த மனைவி, வாசலில் நின்ற புதுக் காரை ஓரமாக நகர்த்தினாள். "பாவம், நிக்க இடம் வேணுமில்ல?"

தெருமுனையில் பழைய காரின் அதே தொண்டை கட்டிய ஹார்ன் இரண்டு முறை ஒலித்தது. அவர் செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறக்க ஓடினார்.