அலுமினியச் சீப்பு

பழைய போர்க்களமான குவாங் ட்ரி மேட்டில், கூலிக்குத் தோண்டும் வின்னின் உலோகம் காட்டும் கருவி கத்தும்போதெல்லாம் தொவா ஓடிவந்து குழியை எட்டிப் பார்த்தாள். போருக்குப் போய்த் திரும்பாத கணவனின் எலும்பையாவது கொண்டுபோக, ஒவ்வொரு கோடையிலும் வந்துவிடுகிறாள்.

"குண்டுச் சில்லு அக்கா. ஓரம் எப்படிக் கிழிஞ்சிருக்கு பாருங்க."

அடுத்த குழியில் பெல்ட் கொக்கி. "இதுவும் இல்ல. எதிராளியோடது. எதைத்தான் அடையாளம் வச்சுத் தேடுறீங்க?"

"பார்த்தா எனக்குத் தெரியும் தம்பி. நீ தோண்டு."

மாலையில் எலும்புகள் கிடைத்தன. கூடவே ஓர் அலுமினியச் சீப்பு. விழுந்த விமானத்தின் தகட்டை ராவிச் சீப்பாக்கி, மனசுக்குப் பிடித்தவளின் பெயரை அதில் வெட்டுவது அன்றைய சிப்பாய்களின் வழக்கம். வின் மண்ணைத் துடைத்தான். ஒரு சிறகு மட்டும் கட்டையாகிப்போன புறா. அதன் கீழே 'ஹோங்' என்ற பெயர்.

தொவா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இவர் இல்ல. மூடிடு."

"யார் பெத்த பிள்ளையோ," என்று வின் ஊதுபத்தி ஏற்றினான். பிறகு கருவியை நிறுத்துவதற்காகத் தூக்கினான். அது மறுபடி கத்தியது, குழியைப் பார்த்து அல்ல, தொவாவின் துணிப்பையைப் பார்த்து.

"பையில என்னக்கா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு அலுமினியச் சீப்பு. அதே புறா, அதே கட்டைச் சிறகு. கீழே 'தொவா' என்று வெட்டியிருந்தது.

"அக்கா, அப்போ இவர்..."

"இவரைத் தேடி வரவேண்டியவ நான் இல்ல தம்பி. மண்ணைத் தள்ளு."