வாங்க ஆளில்லை

“கையெழுத்து போடுங்க அண்ணி. நாளைக்கு இந்த விலையும் கிடைக்காது.”

துரைராசு பேனாவை மேஜையில் வீசினான். வானதி நிமிரவில்லை. செல்போனில் சிவப்பாகச் சரிந்துகொண்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூதலூரில் அவர்கள் குடும்பத்து அரிசி ஆலை, பங்குச் சந்தையில் உள்ள சின்னக் கம்பெனி. மாமனார் தன் பங்குகளை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். மூத்தவன் பஞ்சநதம் போன வருடம் மாரடைப்பில் போய்விட, அவன் பாதி வானதிக்கு வந்தது. யார் கையில் பங்கு அதிகமோ, ஆலை நிர்வாகம் அவர்களுக்கு. அன்றிலிருந்தே கொழுந்தனுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

“சந்தையே விழுது. நம்ம ஆலை பாதி விலைக்கு வந்துடுச்சு. அண்ணனோட இன்சூரன்ஸ் பணத்தையும் கரைச்சுட்டீங்களாம். பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கப்போறீங்களா?”

“மத்த ஷேர் விழுறப்ப லட்சக்கணக்குல கைமாறுது தம்பி. பயந்தவங்க எல்லாரும் விக்கிறாங்க. நம்மளோடதுல தினம் சில நூறுதான். விலைதான் விழுது, விக்கிற கூட்டத்தைக் காணோம்.”

“ஆலைப் பக்கமே எட்டிப் பார்க்காதவங்க எனக்குச் சந்தை சொல்லித் தர்றீங்களா?”

“நீங்க சிங்கப்பூர் போயிருந்த வாரம் ஒரு ஷேர்கூட கைமாறல. விலையும் அசையல.”

அவன் முகம் இறுகியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“கண்டுபுடிச்சுட்டீங்களா? ஆமா, நான்தான் விக்கிறேன். என் ஷேர், என் இஷ்டம். இதையெல்லாம் வாங்க ஊர்ல ஆளில்ல. கொஞ்சம் கொஞ்சமா கொட்டினாலே இறங்கிடும். இன்னும் இறக்குவேன். நீங்களா வந்து என் கால்ல விழுறவரைக்கும் இறக்குவேன்!”

வானதி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“வாங்க ஆளில்லாம எப்படி தம்பி வித்தீங்க?”

துரைராசு மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான். விற்றதும் பணம் வந்தது. யாரிடமிருந்து வந்தது என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

“மாமா சரிபாதியா பிரிச்சது இப்ப சரிபாதியா இல்ல,” என்றாள் வானதி. “அத்தனையும் வாங்கினது நான்தான்.”