குங்குமம் வைத்த கேபிள்

விஜயதசமி காலை ஒன்பதரை மணி. எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோ மல்லிகை வந்தது என்பதைப் பத்து மணிக்கு உறுப்பினர்களின் போனிலேயே காட்டுவதாக மலர் விவசாயிகள் சங்கத்தில் தேனரசி வாக்குக் கொடுத்திருந்தாள். தவறினால் பழைய நோட்டுதான் என்று தலைவர் சொல்லியிருந்தார். ரிப்போர்ட் மென்பொருள் தயார்; பூ விவரம் இருக்கும் டேட்டாபேஸோடு மட்டும் அது சேரவில்லை. முகவரி, போர்ட், கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விலாசம் சரி, வாசல் சரி, சாவியும் சரி; பாதைதான் இல்லை. சர்வர் அறைக்கு ஓடினாள். சர்வருக்கு மாலையும் குங்குமமும் இருந்தன. பின்னாலிருந்த கேபிளைக் காணோம்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணத்திடம் கேட்டாள். "அக்கா, இதுல இருந்த நீல ஒயரு எங்க?"

"சாமிகிட்ட. ஆயுதத்தையெல்லாம் பூஜையில வைக்கணும்ல? பொட்டியத் தூக்க முடியல, ஒயரையாவது வைப்போம்னு வச்சேன்."

"எடுத்துக்கட்டுமா?"

"மறுபூஜை முடியாமத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

தேனரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப சூடத்தக் கொளுத்துங்கக்கா, நான் மணியடிக்கிறேன்."

கூடத்தில் உறுப்பினர்கள் போனும் கையுமாக வந்து உட்காரும்போது தேங்காய் உடைந்தது. சொர்ணம் கேபிளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நீட்டினாள். தேனரசி அதைச் செருகினாள். குங்குமத்துக்கு நடுவே சின்னப் பச்சை விளக்கொன்று சிமிட்டியது.

கூடத்திலிருந்து யாரோ கத்தினார்: "ஏய், நம்மூருப் பூ வந்துருச்சுய்யா!"