கடைசி சிலிண்டர்

"எறக்குங்க அவள! மொதல்ல கீழ எறக்குங்க!"

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா நடுவீட்டிலேயே நின்றுவிட்டார். அவர் தோளில் குறுக்காகக் கிடந்த மகாவுக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. அவளுக்குப் பதினாலு வயது. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் பத்து என்பார்கள்.

அப்பா நாகேஷுக்கு ஜோகுபாளையத்தில் கேஸ் சிலிண்டர் டெலிவரி வேலை. பகலெல்லாம் மாடி மாடியாய்த் தூக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டில் தூக்குகிற கடைசி சிலிண்டர் மகாதான். அவளுக்கு மூன்று வயதிலிருந்து நடக்கிற கூத்து. தோளில் போட்டு நாலு சுற்று சுற்றி, "கேஸ் வந்துருக்கும்மா! வெயிட் பாத்து வாங்கிக்கங்க!" என்று அடுப்புவரை போவார். "கம்மியா இருக்கேப்பா, வேற குடு" என்பாள் அம்மா. "ரிட்டர்ன்லாம் எடுக்கறதில்லம்மா!" என்று மெத்தையில் தொப்பென்று போடுவார். மகா விக்கல் வரச் சிரித்து, எழுந்து அவர் வயிற்றில் நாலு குத்து குத்திவிட்டு மறுபடியும் தோளுக்கு வருவாள்.

இன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை.

"இன்னா ஆச்சு மலரு?"

"மத்தியானம் இவள டாக்டர்கிட்ட கூட்டினு போனேன். இருபத்தொம்போது கிலோதான் இருக்கா. உங்க சிலிண்டரே இவளவிட ஜாஸ்தி. வயசுக்கு வந்துட்டாளான்னு கேட்டாங்க. இன்னும் இல்லன்னேன். திங்கக்கெழம ஸ்கேன் எடுக்கணுமாம். ரத்தம் வேற எடுக்கணுமாம்."

"எடுத்துட்டாப் போச்சு. அதுக்கேன் கத்துற?"

"கத்தாம? கூடப் படிக்கிறதுங்களுக்கெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தண்ணி ஊத்தியாச்சு. பொட்டப்புள்ளய தெனமும் குலுக்கிக் குலுக்கிக் கடாசுனா, உள்ள இருக்கிறது எங்கேருந்து வளரும்? எங்கக்காவும் அதான் சொல்றா. எல்லாம் உங்களாலதான்!"

"டாக்டர் அப்படியா சொன்னாங்க?"

"நீங்க போடற ஆட்டத்த டாக்டர் வந்து பாத்தாங்களா?"

அப்பா மகாவை இறக்கினார். எப்போதும்போல மெத்தையில் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"அப்பா, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா..."

"நீ சும்மா இருடி, ஒனக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா.

அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "பதினோரு வருஷம் மலரு. ஒருநாள் விடாம. ஆசையாத்தான தூக்கினேன்..." சாப்பிடாமலே எழுந்து போனார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார், வெகு நேரம்.

மறுநாளிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டிவியைப் போட்டார். வாங்கி வந்த பேரீச்சம்பழத்தையும் பால் பாக்கெட்டையும் கையை நீட்டித் தள்ளி நின்று கொடுத்தார். சனிக்கிழமை மகா பொறுக்கமாட்டாமல் வாசலில் வழிமறித்தாள்.

"இன்னிக்கு டெலிவரி இல்லியாப்பா?"

"ஸ்டாக் இல்லம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு ஃபாத்திமா காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காலேஜ் படிக்கிறவள். மகா போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு ஸ்கேன். எனக்குப் பயமா இருக்கு."

"சீ, இதுக்கா? வயித்துல ஜில்லுனு ஒண்ணு தடவுவாங்க. அவ்ளோதான். வலிக்கவே வலிக்காது."

"வலிக்கு இல்லக்கா."

"அப்புறம்? ஏதாவது பெரிய வியாதி இருக்குமோன்னா? லூஸு! ஒங்கம்மா குள்ளம், ஒங்க பெரியம்மா அதவிடக் குள்ளம். நீ மட்டும் பனமரமா வளருவியா? அன்னிக்கு ஒங்கம்மா கத்துனது எங்க வீடுவரைக்கும் கேட்டுச்சு. தூக்கி விளையாடுனா வளராதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. நான் வேணா வந்து ஒங்கப்பாட்ட சொல்றேன்."

மகா கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். சந்தில் அப்பா நின்றிருந்தார். எதிர்வீட்டு முகேஷ், நாலு வயசுப் பொடியன், அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கி, "மாமா, நானு! நானு சிலிண்டரு!" என்று குதித்தான். அப்பா குனியவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மகா கண்ணில் நீரோடு திரும்பினாள்.

"எனக்கு எந்த வியாதியும் இல்லக்கா. அது நாளைக்கு டாக்டருக்குத் தெரிஞ்சுடும். அதான் பயமா இருக்கு."

"என்னடி ஒளறுற? ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானே? நீ எதுக்கு அழுவுற?"

மகா கொடியில் கிடந்த துப்பட்டாவை இழுத்து முகத்தைத் துடைத்தாள். மாடிப்படியில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு ஃபாத்திமாவின் காதருகே வந்தாள்.

"தண்ணி ஊத்திட்டா அப்புறம் பொண்ண அப்பா தூக்கக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லிச்சுக்கா. அதுக்குப் பயந்துதான், வயசுக்கு வந்து எட்டு மாசமாவுது, நான் வீட்ல சொல்லவே இல்ல."