பச்சைப் புள்ளி

“நூறு பேர்ல இருபது பேர் பாதியிலேயே போயிடுவாங்க. அதையும் கணக்குல வச்சுத்தான் ஆள் எடுக்கணும்” என்றாள் தலைவி. குரலில் துளி வருத்தமில்லை.

பயப்பட வேண்டாம், யாரும் சாகப் போவதில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று ஒரு வருடம் ஆராயப் போகிறார்கள். நடுவில் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறவர்களைத்தான் அப்படிச் சொன்னாள்.

திட்டம் மறுநாள் இயக்குநர் கைக்குப் போயாக வேண்டும். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஆய்வு வேறு குழுவுக்குப் போய்விடும், இவள் பட்ட பாடெல்லாம் மண்ணாகிவிடும்.

கம்ப்யூட்டர் திரையில் குழுவினர் எல்லோரும் கறுப்புக் கட்டங்களாக இருந்தார்கள். காமிராவை அணைத்துவிடலாம், பேசக்கூட வேண்டாம், எழுதினால் போதும் என்பது தலைவியே போட்ட சட்டம். நாள் முழுக்கச் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது என்று இரக்கப்பட்டுப் போட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திரையின் ஓரத்தில் எழுத்து வந்து விழுந்தது. “வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்காமல் இந்த ஆய்வில் அர்த்தமே இல்லை மேடம்.”

எழுதியவர் கணக்குப்புலி. குழுவின் புள்ளிவிவரமெல்லாம் அவர் பொறுப்பு. மைக் பழுதென்று கொஞ்ச காலமாக அவர் எழுதுவதோடு சரி.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று அலுத்துக்கொண்டாள் தலைவி. “வீடு வீடா ஏறி இறங்க நம்மகிட்ட ஆள் ஏது, நேரம் ஏது? எப்ப வேலைக்கு உக்கார்றாங்க, கேட்டா எவ்வளவு சீக்கிரம் பதில் போடறாங்க, இதை வச்சே ஆள் எப்படி இருக்காங்கன்னு சொல்லிடலாம். உங்களையே எடுத்துக்குங்க. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உங்க பேருக்குப் பக்கத்துல, ஆள் வேலையில இருக்காருன்னு காட்டற பச்சைப் புள்ளி அணையறதே இல்ல. நம்ம குழுவுலயே நிம்மதியா வேலை பாக்கற ஆள் நீங்கதான்.”

திரையில் மறுபடி எழுத்து வந்தது. “நேரில் போக வேண்டும் மேடம்.”

அந்த ‘மேடம்’தான் அவளை உறுத்தியது. அவளுக்குத் தலைவி என்று பட்டம் சூட்டியவரே அவர்தான். ‘இந்தாங்க தலைவி, நீங்க கேட்ட பொய்க்கு நான் போட்ட மெய்’ என்று ஏதாவது குத்தல் இல்லாமல் ஒரு கணக்குகூட அவரிடமிருந்து வராது. காய்ச்சல் என்று லீவு போட்டுத் திரும்பியதிலிருந்து ஆளே மாறிவிட்டார். கணக்கு மட்டும் சொன்ன நேரத்துக்குச் சுத்தமாக வந்துவிடுகிறது. ‘எங்க வீட்டுல ஒரு புலி இருக்கு, அது முன்னாடி நான் பூனை’ என்று மனைவியின் கணக்கு மூளையைப் பற்றி அடிக்கும் பழைய ஜோக்கைக்கூடக் காணோம்.

அவருக்குக் கோபம்தான், வேறென்ன. வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள். அவர் இல்லாமல் இயக்குநரின் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது? போன் போட்டாள். எடுக்கவில்லை. “எழுதுங்கள் மேடம்” என்று திரையில் வந்தது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் மைக் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் அவர் தெரு வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் எட்டிப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. முன்பு பார்த்ததற்குப் பாதியாக இளைத்திருந்தாள். “வாங்க” என்றாள், எதிர்பார்த்திருந்தவள் போல.

ஜன்னலோரம் மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. கணக்குப்புலியின் பேரும் பக்கத்தில் பச்சைப் புள்ளியும் தெரிந்தன. நாற்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலையணைகள் போட்டிருந்தன. நிலைப்படியில் குனிந்து நுழைகிற அந்த நெட்டை மனிதருக்கு இது எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வந்த காரியம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“எம்மேல கோவமா இருக்காரா? நேர்ல போறதைத் திட்டத்துல சேத்துடறேன்னு சொல்லுங்க. பாதியில மட்டும் விட்டுட்டுப் போக வேணாம்னு சொல்லுங்க. இந்தாங்க, அவருக்கு மைக்கு.”

மனைவி ஹெட்போன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“அந்தக் காய்ச்சல்லயே அவர் போயிட்டாரு. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, கணக்கு எங்கன்னு நீங்க கேட்டு எழுதியிருந்தீங்க. என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. கணக்கைப் போட்டு அனுப்பிட்டேன். மறுநாளும் கேட்டீங்க.”

தலைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?”

“தினமும் எழுதினேனே மேடம், வீட்டுக்கு நேர்ல வாங்கன்னு.”